காலை உணவுக்குப் பிறகு பல் தேய்ப்பு: பள்ளிப் பிள்ளைகளின் சொத்தையைத் தடுக்க எந்த வழி?

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பல் சொத்தையைக் குறைக்க மாநில அரசு கொஞ்சம் பணம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எதில் போடுவது? குடிதண்ணீரில் ஃபுளோரைடு என்ற தாதுவைச் சேர்க்கலாம். உப்பில் சேர்க்கலாம். பள்ளியிலேயே பிள்ளைகளைப் பல் தேய்க்க வைக்கலாம். பல் மருத்துவர்களை ஊர் ஊராக அனுப்பிப் பல்லில் பூச்சு போடலாம். இனிப்புப் பானங்களுக்கு வரியை ஏற்றலாம். இவை எல்லாமே உலகத்தில் எங்கோ பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டவை, பலன் தந்தவையும்கூட. ஆனால் அமெரிக்காவில் பலித்தது தருமபுரியில் பலிக்கும் என்று சொல்ல முடியாது. நிலத்தடி நீரில் என்ன இருக்கிறது என்பதே இங்கே பாதிக் கணக்கை மாற்றிவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் முதல் ரூபாய் போக வேண்டிய இடம், காலை உணவுத் திட்டத்தோடு சேர்த்துப் பள்ளியில் தினமும் ஃபுளோரைடு பேஸ்ட் கொண்டு பல் தேய்ப்பது. இரண்டாவது ரூபாய், ஏற்கெனவே விழுந்துவிட்ட சொத்தையை ஊசி போடாமல், பல்லைக் குடையாமல் நிறுத்தும் சில்வர் டயமின் ஃபுளோரைடு மருந்துக்கு. தண்ணீரிலும் உப்பிலும் ஃபுளோரைடு கலப்பது நமக்கு வேண்டாம். வரி நல்லதுதான், ஆனால் அந்தச் சாவி மாநிலத்தின் கையில் மட்டும் இல்லை.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை காட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், 5 வயதுப் பிள்ளைகளிலும் 12 வயதுப் பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு மேல் சொத்தை இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பால் பல் சொத்தை உள்ள குழந்தைகள் உலகத்தில் 50 கோடிக்கும் மேல். ஒரு பிள்ளைக்கு இது என்ன செய்கிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது. இரவில் வலி எடுத்தால் தூக்கம் போகும். ஒரு பக்கமாகவே மெல்லும், அப்புறம் மெல்ல வேண்டிய உணவையே ஒதுக்கும். கன்னம் வீங்கினால் பள்ளிக்கு லீவு. "பால் பல்தானே, எப்படியும் விழுந்துடும்" என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்கினால் அடுத்து வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகிறது.

இன்னொரு விஷயம், பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாதது. ஆறு வயதுவாக்கில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல், பால் பல் வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். அதனால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மெல்லப் போகும் பல் அது. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை முதலில் விழுவதும் அதில்தான். மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் அந்தப் பல் குழி விழுந்து, ஏழாம் வகுப்பில் பிடுங்கப்பட்டு, அந்த இடம் காலியாகவே இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். ரூட் கேனல் செய்து மேலே உறை போட ஆயிரக்கணக்கில் ஆகும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் பிடுங்குவதைத்தான் தேர்ந்தெடுக்கும், வேறு வழி கிடையாது. எந்தத் திட்டமாக இருந்தாலும் இந்த ஆறு வயதுப் பல்லைக் காப்பாற்றுகிறதா என்பதை வைத்துத்தான் நான் அதை எடை போடுவேன்.

சொத்தை எப்படி விழுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடி, வாயின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேல் உறையான எனாமலில் இருந்து கால்சியம் கரையத் தொடங்கும். சாப்பிட்டு முடித்த பின், அரை மணி, ஒரு மணி நேரத்தில் எச்சில் அதைச் சரிசெய்து இழந்ததைத் திருப்பித் தரும். அடிக்கடி இனிப்பு உள்ளே போனால் எச்சிலுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. ஃபுளோரைடு பல்லின் மேல் இருந்தால், கரைந்த இடம் திரும்பக் கட்டப்படும்போது அது உள்ளே சேர்ந்து, அமிலத்தை முன்னைவிட நன்றாகத் தாங்கும் பரப்பை உண்டாக்கும். ஃபுளோரைடின் வேலை பெரும்பாலும் பல்லின் மேல்பரப்பில்தான் நடக்கிறது, வயிற்றுக்குள் போய் அல்ல. ஒரு காலத்தில் விழுங்கினால்தான் பலன் என்று நினைத்தார்கள். இப்போது அந்தக் கருத்து பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

தண்ணீர்

குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் கதை ஒரு கறையில் தொடங்கியது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்ய வந்த ஃபிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறை இருப்பதைப் பார்த்தார். கறை படிந்த அதே பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் கவனித்தார். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931இல் தெரியவந்தது. அப்புறம் டிரெண்ட்லி டீன் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகத் தண்ணீரையும் பல்லையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கறை பெரிதாக வராமல் சொத்தையும் குறைகிறது என்று கண்டார். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் உலகிலேயே முதல் முறையாகக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது. 11 வருடம் கழித்துப் பார்த்தபோது, அதன் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

இவ்வளவு பெரிய பலன் இன்றைக்கும் கிடைக்குமா? கிடைக்காது. அன்றைக்கு ஃபுளோரைடு பேஸ்ட் கிடையாது. இன்று பேஸ்ட் எல்லோர் வீட்டிலும் உள்ள நாடுகளில் தண்ணீரால் கூடுதலாக வரும் லாபம் சிறியது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 1975க்குப் பிந்தைய ஆய்வுகளில், ஒரு பிள்ளைக்குக் கால் பல் அளவுக்குத்தான் வித்தியாசம். ஆனாலும் அது பூஜ்யம் அல்ல. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் ஃபுளோரைடு சேர்ப்பதை நிறுத்தியது, அதே மாகாணத்து நகரமான எட்மண்டன் நிறுத்தவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தபோது, கால்கரியில் 64.8 சதவீதம் பேருக்கும் எட்மண்டனில் 55.1 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. 2021இல் கால்கரி மக்களே வாக்களித்துத் திரும்பவும் ஃபுளோரைடைக் கேட்டார்கள். பேஸ்ட் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும், பல் தேய்க்க அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் தண்ணீர் வழியாகப் பலன் போய்ச் சேருகிறது. இந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். எந்த ஊரில் தண்ணீரை நம்பிக் குழாயைத் திறந்து குடிக்கிறார்களோ அந்த ஊருக்கு இது நல்ல வழி.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் ஃபுளோரைடு அதிகமாகி எலும்பும் பல்லும் கெடும் நோய் முதன்முதலில் 1937இல் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அளவு மீறி இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, வயதானவர்களுக்கு மூட்டும் முதுகும் வளையாமை. இதைச் சரிசெய்யத்தான் ஜப்பான் நிதி உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு நிறைந்த நிலத்தடி நீருக்குப் பதிலாகக் காவிரித் தண்ணீரைக் கொடுப்பது அதன் நோக்கம். ஒரு மாவட்டத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து ஃபுளோரைடை விலக்கும் மாநிலம், அடுத்த மாவட்டத்தில் அதையே தண்ணீரில் சேர்ப்பதாக அறிவித்தால் மக்கள் எதை நம்புவார்கள்?

நம்பிக்கைப் பிரச்சினையைத் தள்ளி வைத்தாலும் அளவுப் பிரச்சினை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. பலன் தரும் அளவு 0.7 என்று அமெரிக்கா 2015இல் நிர்ணயித்தது. 0.7க்கும் 1.5க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. நம் வெயிலில் வயலில் நிற்பவர் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் அமெரிக்கரைப் போல இரண்டு பங்கு இருக்கலாம். பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து தனித்தனிப் போர்வெல்லும் மேல்நிலைத் தொட்டியும் உள்ள மாநிலத்தில் இந்தக் குறுகிய இடைவெளியைத் தினமும் காப்பது யார்? குளோரின் அளவையே ஒழுங்காகப் பார்க்க ஆள் இல்லாத தொட்டிகள் எத்தனை. நகரத்திலோ நிலைமை வேறு. சென்னையில் குடிப்பதற்குக் கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும்தான் பல வீடுகளில் ஓடுகிறது. ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும். குழாயில் சேர்த்தது பாத்திரம் கழுவத்தான் போகும்.

இதோடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீருக்கும் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக, அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024இல் மிதமான உறுதியோடு அறிவித்தது. 0.7 அளவுக்கு அது பொருந்தும் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் 1.5ஐத் தாண்டிய தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் நம்மிடமே உள்ளபோது, நம் முதல் வேலை அங்கே குறைப்பதுதான்.

உப்பு

உப்பில் சேர்ப்பதைச் சுவிட்சர்லாந்து 1955இல் தொடங்கியது. ஜமைக்கா 1987இல் நாடு முழுக்க ஃபுளோரைடு உப்புக்கு மாறியது. அங்கே 12 வயதுப் பிள்ளைக்குச் சராசரியாக 1984இல் 6.7 பற்கள் சொத்தையாக இருந்தன, 1995இல் அது 1.1. பேஸ்டும் அதே காலத்தில் பரவியது என்பதால் பெருமை முழுவதும் உப்புக்குச் சேராது. ஆனாலும் இது கவனிக்க வேண்டிய சாதனை. அயோடின் உப்பை நாடு முழுக்கக் கொண்டுபோன அனுபவமும் நமக்கு இருக்கிறது, தூத்துக்குடி உப்பளமும் பக்கத்திலேயே.

ஆனால் உப்புக்கு மாவட்ட எல்லை தெரியாது. தூத்துக்குடியில் ஏற்றும் மூட்டை தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டு மளிகைக் கடைக்கும் போகும். சுவிட்சர்லாந்தில் வாடிக்கையாளர் கடையில் இரண்டு வகை உப்பில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். இங்கே தருமபுரிக்காரருக்குத் தனி உப்பு என்று பிரித்து விற்பது நடக்காத காரியம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே பல்லுக்காக உப்பை விற்பதும் சரியில்லை. இதை இங்கேயே விட்டுவிடலாம்.

வரி

சர்க்கரை இல்லாமல் சொத்தை இல்லை. இதை மனிதர்களை வைத்தே நிரூபித்தது சுவீடனின் விப்பெஹோல்ம் மனநல விடுதி ஆய்வு. 1940களின் பிற்பாதியில், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய்களைத் தொடர்ந்து கொடுத்துப் பல்லைக் கெடுத்தார்கள். மனிதர்களுக்குச் செய்திருக்கவே கூடாத கொடுமை அது. அதில் தெரியவந்தது: எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம். பண்டிகைக்கு இரண்டு லட்டு சாப்பிடும் பிள்ளையைவிட, நாள் முழுக்கச் சாக்லேட்டும் பிஸ்கட்டும் கொறிக்கும் பிள்ளைக்கு ஆபத்து கூட.

பிரிட்டன் 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு, சர்க்கரை அளவுக்குத் தகுந்த வரி போட்டது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் ஒரு விகிதம், 8 கிராமுக்கு மேல் இன்னொரு விகிதம். வரி வரும் முன்பே கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன. பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 12 சதவீதம் குறைந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. நம் ஜி.எஸ்.டி. இப்படி வேலை செய்வதில்லை. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு, கேஸ் உள்ள குளிர்பானத்துக்கு 40 சதவீதம், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கேஸ் இல்லாத மாம்பழப் பானத்துக்கு வெறும் 5 சதவீதம், அதில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும். பிள்ளைகள் பெட்டிக்கடையில் வாங்குவது இந்த இரண்டாவது வகையைத்தான். இதை மாற்ற ஜி.எஸ்.டி. கவுன்சில் வேண்டும். மாநிலம் அங்கே குரல் கொடுக்கலாம், தானாக முடிவெடுக்க முடியாது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி இருக்கிறது. அதை அமலாக்குவது மாநிலத்தின் கையில்தான். இதற்குப் பணம்கூட வேண்டியதில்லை.

பள்ளியில் பல் தேய்ப்பு

இப்போது நான் நம்பும் வழிக்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்து ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பல் மோசமான நாடுகளில் ஒன்று. 2003இல் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் சொத்தை இல்லாதவர்கள் 45 சதவீதம்தான். அங்கே குடிநீரில் ஃபுளோரைடு கிடையாது. அவர்கள் மழலையர் பள்ளிகளிலேயே தினமும் ஆசிரியர் மேற்பார்வையில் ஃபுளோரைடு பேஸ்டால் பல் தேய்க்க வைத்தார்கள். வீட்டுக்கு இலவசப் பேஸ்டும் பிரஷும் கொடுத்தார்கள். சைல்ட்ஸ்மைல் என்ற பெயரில் இது நாடு முழுக்கப் பரவியது. 2020இல் சொத்தை இல்லாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். பல் தேய்ப்புக்கு ஆன செலவைவிடச் சிகிச்சையில் மிச்சமான பணம் அதிகம் என்பதும் கணக்குப் பார்த்துச் சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, அங்கே டேசைட் பகுதியில் 5 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் மேற்பார்வையோடு தேய்க்க வைத்த ஒரு சோதனையில், இரண்டே வருடத்தில் ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லில் முற்றிய சொத்தை 56 சதவீதம் குறைந்தது. நான் எடைபோடும் பல் இதுதான் என்று முன்பே சொன்னேன்.

பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று தோன்றினால் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 2006 கணக்கெடுப்பில் அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தை. அங்கே கல்வித் துறையே முன்வந்து பள்ளிகளில் மூன்றே வேலைகளை ஏற்றுக்கொண்டது: தினமும் சோப்பு போட்டுக் கை கழுவுதல், தினமும் ஃபுளோரைடு பேஸ்டால் பல் தேய்த்தல், வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை. ஆசிரியர் முன்னால் நிற்க, பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக ஒரே நேரத்தில் தேய்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடச் செலவு ஒரு டாலருக்கும் கீழே. இதைச் செய்தது பல் மருத்துவர்கள் அல்ல, வகுப்பு ஆசிரியர்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

நம்மிடம் இதற்குப் பாதி ஏற்பாடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், அந்த விரிவாக்கத்தின்போதே சுமார் 31,000 பள்ளிகளில் ஏறக்குறைய 17 லட்சம் பிள்ளைகளைக் காலையில் ஒரே இடத்தில் உட்கார வைத்தது. சாப்பிட்டுக் கை கழுவ எழும் பிள்ளை அப்படியே பிரஷைக் கையில் எடுத்தால் போதும். புதிதாகப் பிள்ளைகளைக் கூட்ட வேண்டாம், புதிதாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

செலவை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம். 220 பள்ளி நாட்களுக்கு 55 கிராம். நாலு மாதத்துக்கு ஒன்று என்று மூன்று பிரஷ். சில்லறைக் கடை விலையில் வாங்கினாலே ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு நூறு ரூபாய்க்குள் முடியும். 17 லட்சம் பிள்ளைகளுக்கு 17 கோடி. காலை உணவு விரிவாக்கத்துக்கு 2023இல் ஒதுக்கியது சுமார் 404 கோடி. அதில் நாலு சதவீதம்தான் பேஸ்டுக்கும் பிரஷுக்கும். மொத்தமாக டெண்டர் விட்டால் இன்னும் குறையும்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பிரஷ்களை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்தால் கிருமி பரவும். பேர் எழுதி, இடைவெளி விட்டு நிமிர்த்தி வைக்கும் தாங்கி ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டும். தண்ணீர்க் குழாய் இல்லாத பள்ளிகளும் இருக்கலாம். அதற்கு வழி இருக்கிறது: தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்கத் தேவையில்லை. கொப்பளிக்காமல் விட்டால்தான் ஃபுளோரைடு பல்லில் தங்கும். பெரிய கவலை ஆசிரியர்களைப் பற்றியது. கணக்கெடுப்பு, தேர்தல், நலத்திட்டப் பட்டியல் என்று எல்லா வேலையும் அவர்கள் தலையில் ஏற்கெனவே விழுகிறது. அதனால் இந்தப் பத்து நிமிடத்தை உணவு பரிமாறும் சுய உதவிக் குழுப் பெண்களிடம் தனி ஊதியத்தோடு கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 17 கோடியோடு அந்தத் தொகையும் சேரும், சேரட்டும். ஊதியம் இல்லாமல் கூடுதல் வேலை வாங்கும் திட்டம் ஆறு மாதத்தில் பேப்பரில் மட்டும் ஓடும்.

இன்னொரு கேள்வி: எந்தப் பேஸ்ட்? இந்தியச் சட்டப்படி பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது, அளவு அட்டையில் அச்சிடப்பட வேண்டும். நம் கடைகளில் விற்கும் மூலிகைப் பேஸ்டுகளிலும் பற்பொடிகளிலும் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. பரிசோதித்து, 1000 பி.பி.எம். இருக்கிறது என்று உறுதியான பேஸ்டைத்தான் வாங்க வேண்டும். வேப்பங்குச்சியையும் கிராம்பையும் நான் குறை சொல்லவில்லை. அழுக்கை எடுக்கும். ஆனால் கரைந்த எனாமலைத் திரும்பக் கட்ட அவற்றால் ஆகாது. வெறும் விழிப்புணர்வு முகாமும் அப்படியே. ஒரு நாள் மேடை போட்டு, பெரிய பிளாஸ்டிக் பல்லைக் காட்டி, துண்டுப் பிரசுரம் கொடுத்துப் போனால், அந்தப் பிள்ளையின் வாயில் அடுத்த மாதம் எதுவும் மாறியிருக்காது.

மருத்துவர் கையால்

ஃபுளோரைடு வார்னிஷ், சீலண்ட், சில்வர் டயமின் ஃபுளோரைடு மூன்றும் பல் மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ வாயைத் திறந்து பார்த்துச் செய்ய வேண்டியவை. வார்னிஷ் என்பது பல்லின் மேல் தடவும் ஃபுளோரைடு பூச்சு, நன்றாக வேலை செய்யும். நிரந்தரப் பல்லில் சொத்தையை 40 சதவீதத்துக்கு மேல் குறைப்பதாகக் காக்ரேன் தொகுப்பு காட்டியது. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை பூச வேண்டும். 31,000 பள்ளிகளுக்கு வருடத்தில் 62,000 வருகைகள். அதை ஒரு மாவட்டத்தில் செய்துகாட்டலாம், மாநிலம் முழுக்க வருடாவருடம் விடாமல் செய்ய முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

சீலண்ட் என்பது அந்த ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சு. ஒரு தடவை போட்டால் சில வருடம் நிற்கும். பல் முழுக்க ஈரமில்லாமல் இருந்தால்தான் ஒட்டும் என்பது அதன் சிக்கல். பள்ளி பெஞ்சில் படுத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளையின் கடைசிப் பல்லை ஈரமில்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். கிளாஸ் அயனோமர் என்ற பொருளால் ஆன சீலண்ட் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சீக்கிரம் உதிரும்.

சில்வர் டயமின் ஃபுளோரைடு வேறு மாதிரி. குழி விழுந்த இடத்தில் ஒரு சொட்டைத் தொட்டுத் தடவினால், ஐந்தில் நாலு சொத்தை அங்கேயே நின்றுவிடுகிறது. ஊசி இல்லை, குடையும் சத்தம் இல்லை, கரண்ட்டும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பேஸ்டோடு சேர்த்து இதையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய சொத்தை கறுத்துப்போகும், அதுதான் முக்கியக் குறை. பின் பல்லில் யாரும் கவலைப்படமாட்டார்கள். முன் பல்லில், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, அம்மாவிடம் ஒரு கறுத்த பல்லின் படத்தைக் காட்டிக் கேட்டு, சரி என்ற பிறகுதான் செய்ய வேண்டும். மாத்திரை வாங்கக்கூட வழியில்லாமல் வலியோடு வகுப்பில் உட்காரும் நிலை ஒரு பிள்ளைக்கு வராமல், சொத்தை முற்றுவதற்கு முன் கொடுக்கக்கூடிய மருந்து இது. பள்ளிகளுக்குப் போகும் சிறார் நல மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே பல்லையும் பார்க்கின்றன. ஆனால் பார்த்து, எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு கொடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தச் சீட்டோடு யார் பேருந்து ஏறுவார்கள்? சீட்டு எழுதும் அதே நாளில், பயிற்சி பெற்றவர் அங்கேயே மருந்தைத் தடவிவிட வேண்டும்.

தருமபுரிப் பிள்ளைக்கு?

தண்ணீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் பேஸ்டும் கொடுக்கலாமா என்பது நியாயமான பயம். கறை உண்டாவது பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் விழுங்கிய ஃபுளோரைடால். மேல் முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் பெரியவர் கண் முன்னால் தேய்த்துத் துப்பும்போது முன்பல்லில் புதிதாகக் கறை வரும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் பின்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது, விழுங்கிப் பழகிய பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால் 1.5க்கு மேல் ஃபுளோரைடு உள்ள குடியிருப்புகளில் முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். அதுவரை அங்கே பேஸ்ட் திட்டத்தைத் தொடங்காமல், சீலண்டும் இனிப்புக் கட்டுப்பாடும் போதும். குடிநீர் வாரியம் ஒவ்வொரு குடியிருப்பின் தண்ணீரையும் பரிசோதிக்கிறது. அந்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

தொடங்குவதற்கு, தண்ணீரில் ஃபுளோரைடு குறைவான ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் வாயைத் தொடக்கத்திலேயே பார்த்து, பக்கத்து மாவட்டப் பிள்ளைகளையும் அதேபோல் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு முடியும்போது இரு பக்கத்திலும் ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லில் எத்தனை சொத்தை என்று திரும்பவும் எண்ண வேண்டும். எண்ணுபவர் திட்டத்தை நடத்தாத வேறு ஒரு பல் மருத்துவக் கல்லூரியாக இருக்கட்டும். இரு மாவட்டங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், பேஸ்டுக்கான பணத்தைத் தயங்காமல் சீலண்டுக்கு மாற்ற வேண்டும்.